ஆக்கியோன் அவை முன்னே

பழந்தமிழ் நாட்டில் ஒரு நூல் எழுதி முடிந்ததும் அது உடனே ஊர் உலா வந்துவிடுவதில்லை. அரங்கேற்றம் என்றொரு வாயில் அதற்கு உண்டு. புலவர் தம் ஏட்டுடன் கற்றோர் அவையில் அமர்வார். ஒவ்வொரு பாட்டாகப் படித்துப் பொருள் சொல்லுவார். அவையோர் ஐயம் எழுப்புவர். புலவர் விடை கூறுவார். விடை சொல்ல இயலாத இடத்தில் சொல்லை மாற்றுவதும் உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணம் பரங்கிப்பேட்டையில் அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறிய செய்தி நம் இல்லங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவதுதானே!

அரபு நாடுகளிலும் இதனையொத்த வழக்கம் நெடுங்காலம் நிலவியது. நூலாசிரியரின் முன்னிலையிலோ, அவரிடம் நேரில் கேட்டவரின் முன்னிலையிலோ நூல் உரக்கப் படிக்கப்படும். கேட்டோர் பெயர்கள் அந்தச் சுவடியிலேயே பதிவு செய்யப்படும். திமிஷ்கு நகரத்துப் பழஞ்சுவடிகளில் இத்தகைய பதிவுகள் ஏராளமாக உள்ளன. கடைவீதி வணிகரும், பெண்டிரும், சிறுவரும் அவற்றில் இடம்பெற்றுள்ளனர்.

இரு வழக்கங்களுக்கும் அடிப்படை ஒன்றே. ஆக்கம் அவைக்கு வர வேண்டும். ஆக்கியோனும் அதனுடன் வர வேண்டும். கேட்போர் வெறுமனே கேட்டுவிட்டுப் போகாமல் வினவவும் வேண்டும்.

திரைப்படம் என்னும் புதுக்கலைக்கு இத்தகைய வாயில் அமையவில்லை. சீட்டு வாங்கி இருளில் அமர்கிறோம், படம் ஓடுகிறது, விளக்கு எரிந்ததும் எழுந்து வருகிறோம். கண்டது சரியா, ஏன் அப்படிக் காட்டினீர் என்று கேட்க அங்கே எவருமில்லை. திரைப்படம் என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களது சுளிப்பில் நியாயமும் உண்டு. வினவ வழியில்லாத பேச்சு, கேட்போரை அடிமை கொள்ளும் பேச்சாகவே முடியும் அன்றோ?

இந்தக் குறையைத் தீர்க்க முயன்ற இடங்களுள் பல்கலைக்கழகங்களின் கலைக்கூடங்கள் முதன்மையானவை. ஓவியத்தையும் திரைப்படத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, ஆக்கியோரை அழைத்து வந்து அவை முன் நிறுத்தும் வழக்கம் அங்கே வேர் பிடித்தது. அவற்றுள் ஒன்றான, அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியப் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

நீராவிக் கூடத்தில் ஓவியம்

கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1868-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பெர்க்லி வளாகத்துக்கு வெப்பமும் மின்சாரமும் வழங்குவதற்காக 1904-ஆம் ஆண்டில் செங்கல்லால் ஒரு நீராவி நிலையம் கட்டினர். ஏறத்தாழக் கால் நூற்றாண்டில் அதன் தேவை தீர்ந்து போயிற்று. கொதிகலன்கள் அகற்றப்பட்ட வெற்றுக் கூடத்தை இடித்துத் தள்ளாமல், 1934-இல் பல்கலைக்கழக ஓவியக் கூடமாக்கினர். நாடெங்கும் பொருளாதாரச் சரிவு தலைவிரித்தாடிய காலம் அது. புதுக்கட்டடம் எழுப்பப் பணமில்லை; பழங்கூடத்தைத் துடைத்துச் சுவர்களில் படம் மாட்டினர்.

வேலையற்ற கலைஞர்களுக்கு அரசாங்கமே பணி கொடுத்த திட்டத்தின் கீழ், ஹெலன் புரூட்டன், புளோரன்ஸ் சுவிஃப்ட் என்னும் இரு பெண்மணிகள் அக்கட்டடத்தின் முகப்பில் வண்ணக் கற்களைப் பதித்துச் சித்திரங்கள் அமைத்தனர். இசை, ஓவியம், சிற்பம், நடனம் என்னும் நான்கு கலைகளும் அங்கே உருப்பெற்றன. எளிய தொடக்கமே ஆயினும், அந்தச் செங்கல் கூடம் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் பல்கலைக்கழகத்தின் கலைக்கண்ணாக விளங்கிற்று.

நன்றிக்கொரு நன்கொடை

ஹான்ஸ் ஹாஃப்மன் என்பார் 1880-இல் ஜெர்மனியில் பிறந்த ஓவியர். மூனிக் நகரில் ஓவியப் பள்ளி நடத்தியவர். அவரிடம் பயின்ற வொர்த் ரைடர் என்னும் அமெரிக்கர் பிற்காலத்தில் பெர்க்லியில் ஆசிரியரானார். ஆசானை மறவாத அந்த மாணவர் 1930-ஆம் ஆண்டுக் கோடைக்கால வகுப்புகளுக்கு ஹாஃப்மனை அழைத்தார். மறு ஆண்டும் அழைப்புப் போயிற்று. 1932-இல் ஹாஃப்மன் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி ஏற்பட்டது. புதுமைக் கலை இழிகலையென்று பழிக்கப்பட்டது. ஓவியங்கள் அருங்காட்சியகங்களினின்றும் அகற்றப்பட்டன. கலைஞர் பலர் நாடு விட்டு ஓடினர். பெர்க்லியிலிருந்து உரிய காலத்தில் ஓர் அழைப்பு வந்திராவிடில் ஹாஃப்மனின் கதி என்னவாகியிருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஹாஃப்மன் அந்த உதவியை மறக்கவில்லை. முப்பதாண்டுகள் கழிந்து, உலகப் புகழ் பெற்ற முதியவராக இருந்தபோது, 1963-இல் தம் ஓவியங்கள் நாற்பத்தைந்தையும், அவற்றுக்கு ஒரு கூடம் அமைக்க இரண்டரை இலட்சம் டாலரையும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கு அளிக்க ஒப்பினார். உதவி வரைத்தன்று உதவி. உதவப்பட்டார் சால்பின் அளவே அதன் அளவு என்பது நாமறிந்த நெறிதானே! இரண்டு கோடைக்கால அழைப்புகளின் பயன் ஓர் அருங்காட்சியகமாக விளைந்தது.

அதற்கு முதல் இயக்குநராக வந்தவர் பீட்டர் செல்ஸ். அவரும் மூனிக்கில் பிறந்தவர்; நாஜிக் கொடுமைக்குத் தப்பி 1936-இல், இளமையிலேயே, அமெரிக்கா வந்த யூதர். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் புகழ்பெற்றிருந்த அவர், 1965-இல் பெர்க்லிக்கு வந்தார். அவ்வாண்டில் நடந்த கட்டட அமைப்புப் போட்டிக்கு 366 திட்டங்கள் வந்து குவிந்தன. மாரியோ சியாம்பி குழுவினரின் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. விசிறி விரித்தாற்போன்ற அடுக்குத் தளங்களுடன் முழுதும் கான்கிரீட்டால் ஆகிய அக்கட்டடம் 1970 நவம்பரில் திறக்கப்பட்டது.

அக்காலத்துப் பெர்க்லி அமைதியான ஊரன்று. 1964-இல் பேச்சுரிமைக்காக மாணவர்கள் நடத்திய போராட்டம் நாட்டையே அங்கே திரும்பிப் பார்க்க வைத்தது. வியத்நாம் போருக்கெதிரான கிளர்ச்சி அதனைத் தொடர்ந்தது. ஆசிரியர் சொல்வதை எழுதிக்கொண்டு போக மறுத்த ஒரு தலைமுறை அது. கேள்வி கேட்பதையே உரிமையாகக் கொண்ட அத்தலைமுறைக்குச் சுவரில் மாட்டிய ஓவியம் மட்டும் போதவில்லை.

திரைக்கொரு கருவூலம்

ஷெல்டன் ரெனன் என்னும் இளைஞர், வணிகத் திரைக்கு வெளியே படமெடுத்த அமெரிக்கர்களைப் பற்றி 1967-இல் ஒரு நூல் வெளியிட்டவர். பாரிஸ் நகரத்திலுள்ள சினிமாத்தேக் என்னும் திரைக் கருவூலத்தைப் போன்றதொன்று அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் வேண்டும் என்பது அவர் கனவு. ஹாலிவுட் இருப்பது அதே மாநிலத்தில்தான். படம் எடுக்கும் ஆலைகள் அங்கே நிறைய இருந்தன. ஆனால், எடுத்த படங்களைச் சேமித்து மக்களுக்குக் காட்டி விளக்கும் கருவூலம் பெர்க்லிப் பகுதியில் இல்லை.

பாரிஸ் கருவூலத்தை 1936-இல் தோழர்களுடன் சேர்ந்து நிறுவியவர் ஆன்றி லாங்லுவா. அவர் பிறந்தது துருக்கியரின் உதுமானியப் பேரரசின் கீழிருந்த இஸ்மிர் நகரில், 1914-இல். பிறர் குப்பையென்று எறிந்த பழம் படச்சுருள்களை வீட்டுக் குளியல் தொட்டியில்கூட அடுக்கி வைத்துக் காத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வர். ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்திருந்த காலத்தில் அவர்கள் கண்ணில் படாமல் சுருள்களை மறைத்துக் காத்தார். 1968-இல் அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியபோது, படமெடுப்போரும் மாணவரும் தெருவில் இறங்கினர். சில வாரங்களில் அவர் மீண்டும் அமர்த்தப்பட்டார். இத்தகைய மனிதரின் முன்மாதிரியே ரெனனுக்கு ஊக்கம் தந்தது.

செல்ஸ் தம் புதிய அருங்காட்சியகத்தில் ரெனனுக்கு இடம் கொடுத்தார். 1971-இல் பசிபிக் திரைக் கருவூலம் அங்கே தன் அரங்கைத் திறந்தது. ஜப்பானியப் படங்கள், சோவியத் மௌனப் படங்கள், ஜார்ஜிய நாட்டுப் படங்கள், தனியாட்கள் தம் கைப்பணத்தில் எடுத்த சோதனைப் படங்கள் என்று சேமிப்பு வளர்ந்தது. ஜப்பானுக்கு வெளியே உள்ள ஜப்பானியப் படச் சேமிப்புகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று பெர்க்லியில் இருக்கிறது. ஜப்பானின் மீது அணுகுண்டு வீசிய நாடு அந்நாட்டின் கலையைக் கண்போல் காத்து வைத்திருப்பது, வரலாற்றின் வினோதங்களுள் ஒன்றாகும்.

வினாவும் விடையும்

படம் காட்டுவதோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு கொட்டகையே. முன்னே ஒருவர் எழுந்து படத்தின் பின்னணியைச் சொல்வார். பிறகு படம். பிறகு விளக்கு எரியும். எவரும் எழுந்து போவதில்லை. படமெடுத்தவரே மேடைக்கு வந்து அமர்வார். பேராசிரியர் ஒருவர் சில வினாக்களைத் தொடுத்துப் பேச்சைத் தொடங்கி வைப்பார். அதன்பின் அவை முழுதும் வினவலாம். அந்த முகத்தை ஏன் அவ்வளவு நேரம் காட்டினீர்? மரணத்தைக் காட்டாமல் கதவை மட்டும் ஏன் காட்டினீர்? நடித்தவர் உண்மையிலேயே அவ்வூர் மக்கள்தாமா? அவர்களுக்குக் கூலி கொடுத்தீரா? இத்தகைய வினாக்களுக்கு விளம்பரத் தாளில் விடை இராது, ஆக்கியோனிடமே உண்டு. சிலவற்றுக்கு அவரிடமும் இருப்பதில்லை. விடை தெரியாமல் அவர் தயங்கும் அந்தக் கணமும் அவைக்கு ஒரு பாடமே.

ஓவியக் கூடத்திலும் இதே முறை பரவிற்று. 1978-இல் 'மேட்ரிக்ஸ்' என்னும் பெயரில் சிறுசிறு கண்காட்சிகள் தொடங்கப்பட்டன. இன்று வாழும் கலைஞர்களின் ஆக்கங்களைப் பெரும் பொருட்செலவின்றி உடனுக்குடன் காட்டுவதே அவற்றின் நோக்கம். மறைந்த மேதைகளை வணங்குவதற்கு மட்டுமே கலைக்கூடம் என்றிருந்த நிலை இதனால் மாறிற்று. வாழும் கலைஞனைத்தானே வினவ முடியும்?

இந்த அரங்கில் உட்கார்ந்து உருவானவர்கள் பலர். எரல் மாரிஸ் என்னும் தத்துவ மாணவர் பாடத்தைக் காட்டிலும் படத்தையே நாடித் திரைக் கருவூலத்தில் பொழுதைப் போக்கியவர். ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் அங்கு வந்து பழகியபோது, மாரிஸ் தாமும் படமெடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், எடுத்தபாடில்லை. "நீ எடுத்து முடித்தால் என் காலணியைத் தின்பேன்" என்ற பொருளில் ஹெர்சாக் பந்தயம் கட்டினார். மாரிஸ் எடுத்து முடித்தார். 1979-இல் ஹெர்சாக் பெர்க்லிக்குத் திரும்பி வந்து, தம் காலணியைப் பூண்டும் மூலிகையும் இட்டு மணிக்கணக்கில் வேகவைத்து, நகரத்துத் திரையரங்கொன்றில் மக்கள் முன்னிலையில் துண்டு துண்டாக நறுக்கித் தின்றார். லெஸ் பிளாங்க் என்பவர் அதைக் குறும்படமாகவே எடுத்து வைத்தார். கேலிக்கூத்தாகத் தோன்றினும் உள்ளே ஒரு செய்தி உண்டு: மூத்த கலைஞர் இளையவருக்குச் சொன்ன சொல்லை ஊரறியக் காப்பாற்றினார். மாரிஸ் பின்னர் ஆவணப் பட உலகில் பெரும்பெயர் பெற்றார்.

தெரேசா ஹக் கியுங் சாவின் கதை வேறு வகையானது. கொரியாவின் பூசான் நகரில் 1951-இல் பிறந்து, சிறுமியாகக் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். பெர்க்லியில் நான்கு பட்டங்கள் பெற்றார். படிக்கும் காலத்தில் திரைக் கருவூலத்தின் அரங்கில் பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் ஊழியராக வேலை பார்த்தார். கூலிக்கு வேலையும் ஆயிற்று. உலகப் படங்களைக் காணும் கல்வியும் ஆயிற்று. தாய்மொழியை இழந்து வேற்றுமொழியில் வாழ நேர்ந்தவர்களின் துயரையே அவர் தம் படங்களுக்கும் எழுத்துக்கும் பொருளாக்கினார். அவருடைய புகழ்பெற்ற நூல் 'டிக்டே' 1982-இல் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் அவர் கொலையுண்டார். அப்போது வயது முப்பத்தொன்று. அவருடைய ஆக்கங்களும் தாள்களும் 1992-இல் பெர்க்லிக் கலைக்கூடத்துக்கே வந்து சேர்ந்தன. 2001-இல் அங்கு அவருக்கென நடந்த பெருங்கண்காட்சிக்கு 'அவையோரின் கனவு' என்ற பொருளில் பெயரிட்டனர். பிறருக்கு இருக்கை காட்டிய பெண்ணுக்கு அக்கூடமே நிலையான இருக்கை ஆயிற்று.

காப்பார் அற்றவை

கருவூலம் என்ற சொல்லை மேலே பலமுறை ஆண்டோம். அதன் அருமையை உணர, காக்கப்படாதவற்றின் கதையையும் நாம் அறிய வேண்டும்.

தொடக்க காலப் படச்சுருள்கள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனவை. அவை எளிதில் தீப்பற்றும். பற்றினால் அணைப்பது அரிது. பின்னர் வந்த அசிட்டேட் சுருள்கள் தீக்குத் தப்பின. ஆனால் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்துச் சுருங்கி, காடி நாற்றமடித்து அழிந்தன. குளிரூட்டிய உலர்ந்த அறையும், இடைவிடாத கவனிப்பும் இன்றி எந்தச் சுருளும் நெடுநாள் வாழாது. அமெரிக்க மௌனப் படங்கள் ஏறத்தாழ 11,000-இல் 14 விழுக்காடு மட்டுமே தம் முதல் வடிவில் எஞ்சியுள்ளன என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. செல்வம் கொழிக்கும் நாட்டின் நிலையே இதுவானால், நம் நிலையைக் கேட்க வேண்டுமா?

தென்னகத்தின் முதல் மௌனப் படமாக நடராஜ முதலியார் எடுத்த 'கீசகவதம்' இன்று இல்லை. 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த, எச்.எம். ரெட்டி இயக்கி டி.பி. ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' தமிழ் பேசிய முதற்படம். அதன் ஒரு படிகூட எஞ்சவில்லை. தமிழ் முதன்முதலில் திரையில் பேசிய குரலைக் கேட்க இனி நமக்கு வழியில்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைக்கப்பட்டது 1964-இல்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' என்னும் மௌனப் படம் மட்டும் தப்பிற்று. எப்படித் தெரியுமா? கதைக்கு உரிமை கொண்டாடிப் பதிப்பகத்தார் வழக்காடியதால் படம் ஓடவில்லை. சுருள் அவர்களிடமே முடங்கிக் கிடந்தது. 1974-இல் அதனைப் புனேக் காப்பகம் பெற்றுக்கொண்டது. ஓடிய படங்கள் தேய்ந்து அழிந்தன. ஓடாத படம் வழக்கின் புண்ணியத்தால் உயிர் பிழைத்தது! காப்பதற்கு ஒரு நிறுவனம் இல்லாத நாட்டில் தற்செயலே காவலாளி ஆகிறது.

சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்களின் மூலச் சுருள்களும் 1993-இல் இலண்டன் நகரத்து ஆய்வுக்கூடத் தீயில் கருகின. கருகியவற்றையும் எறியாமல் காத்து வைத்ததனால்தான், பின்னாளில் நுட்பம் வளர்ந்தபோது அவற்றினின்றே ஒரு பகுதியை மீட்டெடுத்து 2015-இல் திரையில் மீண்டும் காட்ட முடிந்தது.

படம் வந்தது, ஆக்கியோன் வரவில்லை

ஆக்கத்தைக் காப்பது ஒருபுறமிருக்க, ஆக்கியோனை அவைக்கு வரவிடுவதும் எளிதன்று.

ஈரான் நாட்டின் அப்பாஸ் கியாரஸ்தமி தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்றவர். சிறுவர் அறிவு வளர்ச்சிக்கென அமைந்த நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, 1970-இல் தம் முதற் குறும்படத்தை எடுத்தார். 1987-இல் வெளிவந்த 'நண்பனின் வீடு எங்கே' என்னும் படத்தின் கதையை நம் குழந்தைகளுக்கும் சொல்லலாம். வீட்டுப்பாடத்தை உரிய ஏட்டில் எழுதாவிடில் பள்ளியைவிட்டே நீக்குவேன் என்று ஆசிரியர் மிரட்டிய மாணவனின் ஏடு, தவறுதலாக அவன் தோழன் அகமதின் பையில் வந்துவிடுகிறது. நண்பன் தண்டனை பெறக்கூடாதே என்று அகமது அடுத்த ஊருக்கு ஓடுகிறான். வீடு தெரியாது, பெரியவர்கள் எவரும் அவன் பேச்சுக்குச் செவி கொடுப்பதில்லை. மலைமீது வளைந்து வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதையில் அச்சிறுவன் ஓடுவதே படம். வாள் வீச்சில்லை, ஆடல் பாடல் இல்லை. பிள்ளைகளின் மனத்தில் அமானிதம் எவ்வளவு பெரிய பாரமாக இருக்கிறது என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்டிய படம் அரிது.

1990-இல் அப்பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கிற்று. பல்லாயிரம் உயிர்கள் மாண்டன. தம் படத்தில் நடித்த சிறுவர்கள் பிழைத்தனரா என்று தேடிச் சென்ற பயணத்தையே கியாரஸ்தமி 1992-இல் இன்னொரு படமாக்கினார். 1997-இல் கான் விழாவின் தலைப்பரிசு அவருக்குக் கிட்டியது.

இத்துணைப் பெருமை பெற்றவரின் 'பத்து' என்னும் படத்தை 2002-ஆம் ஆண்டு நியூயார்க் திரைப்பட விழா ஏற்றது. அவரையும் அழைத்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் ஏற்பட்ட கெடுபிடியில் அமெரிக்க அரசு உரிய காலத்தில் அவருக்கு விசா வழங்கவில்லை. படம் சென்றது, ஆக்கியோன் செல்ல முடியவில்லை. ஃபின்லாந்து இயக்குநர் அகி கவுரிஸ்மாக்கி, தமக்கு விசா இருந்தும், அவருக்காகத் தம் பயணத்தைத் துறந்தார்.

குற்றம் ஒருபுறம் மட்டுமன்று. மற்றோர் ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹி 2001-இல் நியூயார்க் விமான நிலையத்தில் கைரேகை கொடுக்க மறுத்ததற்காக விலங்கிடப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். அதே பனாஹிக்கு 2010-இல் அவருடைய சொந்த நாடே சிறைத்தண்டனையுடன், இருபதாண்டுகள் படமெடுக்கவும் வெளிநாடு செல்லவும் தடை விதித்தது. ஒரு நாடு உள்ளே வரவிடவில்லை; மற்றொன்று வெளியே போகவிடவில்லை. கலைஞன் தன் அவையைச் சந்திப்பது இருசாராருக்கும் அச்சமூட்டிற்று போலும்!

அவ்விசா விவகாரம் நடந்த ஐந்தாம் ஆண்டில், 2007-இல், பெர்க்லிக் கலைக்கூடம் கியாரஸ்தமியின் நிழற்படங்களைச் சுவரிலும் அவருடைய திரைப்படங்களை அரங்கிலும் ஒருங்கே காட்டிற்று. பனி படர்ந்த வெளிகளையும் தனித்து நிற்கும் மரங்களையும் அவர் எடுத்த நிழற்படங்களைக் கண்டபின் படத்துக்குள் நுழைவோருக்கு, திரையில் அந்த மலைப்பாதை அவ்வளவு நேரம் நிற்பதன் காரணம் விளங்கும். ஓவியக் கூடமும் திரையரங்கும் ஒரே கூரையின் கீழிருப்பதன் பயன் இதுதான்.

ஈரானின் கஸ்வீன் நகரில் பிறந்து பெர்க்லியிலேயே கலை பயின்று பட்டம் பெற்ற ஷிரீன் நெஷாத்தின் ஆக்கங்களும் ஓவியத்துக்கும் திரைக்கும் இடைப்பட்ட வழியிலேயே பிறந்தவை. 1998-இல் அவர் அமைத்த 'கொந்தளிப்பு' என்னும் ஆக்கத்தில் எதிரெதிராக இரு திரைகள். ஒன்றில் ஆடவர் ஒருவர் நிறைந்த அவைக்குப் பாடுகிறார். மற்றதில் பெண்ணொருத்தி வெற்று மண்டபத்தில் சொற்களற்ற ஓசையாகப் பாடுகிறாள். காண்போர் நடுவில் நின்று, எந்தப் பக்கம் திரும்புவது என்று தாமே முடிவு செய்ய வேண்டும். இருக்கையில் சாய்ந்து பார்ப்பவரைக் கேள்விக்குள் நிறுத்தும் உத்தி அது. அவையே இல்லாத பாடகியின் துயரம் சொல்லின்றி விளங்குகிறது.

நிலநடுக்கமும் அச்சகமும்

1970-இல் பெருமையுடன் திறந்த கான்கிரீட் கட்டடத்துக்கும் சோதனை வந்தது. பெர்க்லி நகரின் அடியில் நிலப்பிளவு ஓடுகிறது. 1989-இல் அப்பகுதியை நிலநடுக்கம் உலுக்கியபின் பொதுக் கட்டடங்கள் ஆராயப்பட்டன. பெரும் நடுக்கத்தை இக்கட்டடம் தாங்காது என்று 1997-இல் பொறியாளர்கள் கண்டனர். திரையரங்கு 1999-இல் தற்காலிகக் கூடத்துக்கு மாறிற்று. எஞ்சிய பகுதிக்கு இரும்பு முட்டுகள் கொடுத்துக் காலம் தள்ளினர். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டோயோ இட்டோ வரைந்த புதுத்திட்டம் பணமின்மையால் 2009-இல் கைவிடப்பட்டது. 2014 இறுதியில் பழைய கட்டடம் கதவை மூடிற்று.

முன்பு நீராவிக் கூடத்தைக் கலைக்கூடமாக்கிய அதே சிக்கன அறிவு மறுபடியும் கைகொடுத்தது. 1939-இல் கட்டப்பட்ட பல்கலைக்கழகத்தின் பழைய அச்சகம் வெறுமையாகக் கிடந்தது. டில்லர் ஸ்கோஃபிடியோ ரென்ஃப்ரோ நிறுவனத்தார் அதனைப் புதுக்கி, இணைப்புக் கட்டடமும் எழுப்பினர். 2016 ஜனவரி 31-இல் அது திறக்கப்பட்டது. உள்ளே 232 இருக்கைகள் கொண்ட அரங்கு. வெளிச் சுவரில் தெருவினின்றே காணத்தக்க பெருந்திரை.

அந்த அச்சகம் சாதாரணமானதன்று. 1945-ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் உலக நாடுகள் ஒப்பமிட்ட ஐக்கிய நாடுகள் சாசனத்தின் படிகள் அங்கேதான் அச்சாயின. ஜூன் 26-இல் ஐம்பது நாடுகளின் பேராளர்கள் ஒப்பமிட்டனர். இந்தியாவின் சார்பில் ஒப்பமிட்டவர்களுள் நம் சென்னையின் சர் ஆற்காடு இராமசாமி முதலியாரும் ஒருவர். இந்தியா விடுதலை பெறுவதற்கு ஈராண்டுகள் முன்னர், ஒரு தமிழரின் கையெழுத்து விழுந்த சாசனத்தை அச்சிட்ட கூடத்தில், இன்று ஈரானியப் படமும் ஜப்பானியப் படமும் ஓடுகின்றன. அவற்றைப் பற்றிப் பல நாட்டு மாணவர் வாதிடுகின்றனர்.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றில் பெரும் மன்னரில்லை, போரில்லை. ஆசானை மறவாத மாணவர், உதவியை மறவாத ஓவியர், குப்பையில் கிடந்த சுருளைப் பொறுக்கியவரின் வழியில் நடந்த இளைஞர் ஆகியோரே இதன் நாயகர்கள். இம்மூவரும் இன்றி அக்கூடமில்லை. பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. அந்த இடத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் நன்றியறிந்த தனிமனிதர்கள்.

இன்று திரை கொட்டகையில் மட்டும் இல்லை. கைப்பேசி வழியே நம் கூடத்திலும் படுக்கையறையிலும் புகுந்து, குழந்தையின் கையிலேயே அமர்ந்திருக்கிறது. அதனை முற்றிலும் விலக்க எண்ணும் குடும்பங்கள் உண்டு. முற்றிலும் தடையின்றி விட்டுவிட்ட குடும்பங்களும் உண்டு. இரண்டிலும் பிள்ளை வினவக் கற்பதில்லை. விலக்கியவன் மறைவில் பார்ப்பான். விட்டுவிட்டவன் மயங்கிப் பார்ப்பான். நல்லதொன்றைத் தேர்ந்து உடனமர்ந்து பார்த்து, பார்த்தபின் சாதனத்தை அணைத்துவிட்டு, "இதை ஏன் இப்படிக் காட்டினார்? நீ எடுத்தால் எப்படி எடுப்பாய்?" என்று கேட்கும் தந்தையும் தாயும் இருக்கும் இல்லத்தில் ஒரு சிறு அவை கூடிவிடுகிறது. அதற்குக் கான்கிரீட் கட்டடம் வேண்டுவதில்லை.

நம் ஊர்க் கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆண்டு விழாவில் கலைஞர் ஒருவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். பொன்னாடைக்குப் பதிலாக அவருக்கு ஒரு மணி நேரமும் பத்துக் கேள்விகளும் கொடுத்துப் பார்க்கலாம். ஊரில் எவர் வீட்டுப் பரணிலேனும் பழம் படச்சுருளோ, நிழற்படத் தொகுப்போ, நாடகக் குறிப்பேடோ கிடந்தால் அதனைக் கல்லூரி நூலகம் கேட்டு வாங்கிக் குளிர்ந்த அறையில் வைக்கலாம். 'காளிதாஸ்' போனது போனதுதான். இனிப் போகாமல் காப்பது நம் கையில் உண்டு.

புலவரை அவையில் அமர்த்தி வினவிய மக்கள் நாம். வினவுவதை அவமதிப்பென்று அவர்கள் கருதவில்லை. நூலுக்குச் செய்யும் மதிப்பென்றே கருதினர். அந்த வழக்கத்தை ஏட்டோடு நிறுத்திவிட வேண்டிய தேவை இல்லை.